எழுதுவதற்கு எடை குறைந்த மடிக்கணினி: தேக்கா முதல் விக்டோரியா ஸ்திரீட் வரை

தேக்கா சந்தையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் சிம் லிம் ஸ்குவேர். 1987-ல் திறந்த அந்தக் கட்டடம்தான் நெடுங்காலமாகச் சிங்கப்பூரின் கணினிச் சந்தை. கடைக்குள் நுழைந்ததும் விற்பனையாளர் மூன்று கேள்வி கேட்பார். எவ்வளவு வெள்ளிக்குள் வேண்டும், கேம் விளையாடுவீர்களா, வீடியோ எடிட்டிங் உண்டா? பின்னிரண்டுக்கும் இல்லை என்று சொல்லி, எழுத மட்டும்தான் என்றால், "எழுதத்தானே? இது போதும்" என்று ஓரத்தில் இருக்கும் விலை குறைந்த ஒன்றைக் காட்டுவார்.

அவர் சொல்வதில் பாதி சரி. எழுத்து வேலைக்கு வேகமான செயலி தேவையில்லை. கடந்த சில ஆண்டுகளில் வந்த எந்த மடிக்கணினியும் ஒரு நாவலைத் திணறாமல் தாங்கும். ஆனால் விலையைக் குறைக்க நிறுவனங்கள் கை வைக்கும் இடங்கள் எவை என்று பார்த்தால், விசைப்பலகை, திரை, எடை, மின்கலம் என்று வரிசையாக வரும். எழுதுபவருக்கு வேண்டிய நான்கும் அவையே. ஆகவே தமிழ் எழுதுபவர் செயலியில் பணத்தை மிச்சப்படுத்தி, அந்தப் பணத்தை விரலும் கண்ணும் தோளும் படும் பாகங்களில் போட வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கணக்கைப் பற்றியதுதான்.

உள்ளேயே இருக்கும் தமிழ்

இன்று கடையில் எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் அதில் தமிழ் இருக்கிறது. அது தானாக வந்து சேர்ந்ததல்ல. அதற்கான உழைப்பில் கணிசமான பங்கு இந்த ஊரில் நடந்தது. சிறுகதை எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995 அக்டோபரில் அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையத்தளத்தில் மற்ற மூன்று அதிகாரத்துவ மொழிகளோடு தமிழும் ஏறியது. இணையத்தில் தமிழ் எழுத்து கண்ணுக்குத் தெரிந்த முதல் நிகழ்வுகளில் அதுவும் ஒன்று. 1997 மே மாதம் கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் மாநாடு சிங்கப்பூரில் கூடியது. அதைத் தொடர்ந்து 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாக வந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை. அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமானார். அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் தமிழ்க் கணிமைக்கான உத்தமம் அமைப்பு பிறந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005 பொங்கலன்று கைபேசிக்குத் தமிழைக் கொண்டுவந்தபோதும் அறிமுகம் நடந்த ஊர் சிங்கப்பூர்தான்.

வாங்குபவருக்கு இதனால் கிடைக்கும் பலன் நேரடியானது. மேக் கணினிகளில் ஒலிவழி உள்ளீட்டு முறையான அஞ்சல், தமிழ்99 இரண்டும் பல ஆண்டுகளாக உள்ளடங்கி வருகின்றன. விண்டோஸ் 10-இல் 2019 மே மாதப் புதுப்பிப்பிலிருந்து இரண்டும் உண்டு. குரோம்புக்கிலும் தமிழ் உள்ளீட்டு முறைகள் தயாராக இருக்கின்றன. "தமிழ் சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறோம்" என்று யாராவது தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அமைப்புகளில் மொழி என்ற பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் போதும். பிறகு விண்டோஸில் விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

சிக்கல் இருப்பது பழைய கோப்புகளில். 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் எழுதியவர்களிடம் கணியன், தஸ்கி, பாமினி போன்ற பழைய குறியேற்றங்களில் கதைகளும் கட்டுரைகளும் கிடக்கும். புதிய கணினியில் அவற்றைத் திறந்தால் பொருளற்ற ரோமன் எழுத்தாகத் தெரியும். பழைய கணினியைக் கழித்துக்கட்டும் முன்பே அந்தக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிவிட வேண்டும். இதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பின் ஒவ்வொன்றையும் திறந்து, ஒகர ஓகாரக் குறிகளும் கிரந்த எழுத்துகளும் சரியாக வந்திருக்கின்றனவா என்று வாசித்துப் பார்ப்பது நல்லது. பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வலப்பக்க ஓரம்

ஆங்கிலத்தில் எழுதுபவருக்கும் தமிழ்99-இல் எழுதுபவருக்கும் ஒரே விசைப்பலகை ஒரே மாதிரி நல்லதாக இருக்காது. மடிக்கணினியைப் பற்றி மதிப்புரை எழுதும் ஆங்கில இதழ்கள் சொல்லாத செய்தி இது. தமிழ் எழுத்தாளர் கையோடு கொண்டுபோக வேண்டிய அறிவும் இதுவே.

தமிழ்99-இல் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அதனால் வலப்பக்கம் நெரிசல் அதிகம். ஆங்கில விசைப்பலகையில் நிறுத்தற்குறிகளுக்கு ஒதுக்கிய விசைகளில்தான் நமது முக்கியமான எழுத்துகள் சில உட்கார்ந்திருக்கின்றன. பி விசைக்கு வலப்பக்கம் உள்ள இரண்டு சதுர அடைப்புக்குறி விசைகளில் 'ச', 'ஞ'. எல் விசையை அடுத்த அரைப்புள்ளி விசையில் 'ந'. அதற்கும் அடுத்த மேற்கோள் விசையில் 'ய'. கீழ்வரிசையின் கடைசியில், சாய்கோட்டு விசையில் 'ழ'.

ஆங்கிலத்தில் எழுதுபவர் சதுர அடைப்புக்குறியை வாரத்துக்கு ஒருமுறை தொடுவாரோ என்னவோ. தமிழ் எழுதுபவர் 'ச', 'ந', 'ய' இல்லாமல் ஒரு வரியைத் தாண்ட முடியாது.

இப்போது சிறிய மடிக்கணினிகளைக் கவனித்துப் பார்க்கலாம். அகலத்தைக் குறைக்க வேண்டும் என்றால் வடிவமைப்பாளர் எழுத்து விசைகளைத் தொடமாட்டார். முழு அளவு விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடு வரை சுமார் 19 மில்லிமீட்டர். அந்த அளவை எழுத்துகளுக்கு விட்டுவைத்து, வலப்பக்க ஓரத்து நிறுத்தற்குறி விசைகளை நெருக்கிக் குறுக்குவார். ஆங்கிலக்காரருக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. தமிழ்99 எழுத்தாளருக்கோ ஒவ்வொரு 'ச'வும் தப்பாக விழும். பதினோரு அங்குலக் கணினிகளிலும் கைப்பலகைக் கணினிகளோடு வரும் மடக்கு விசைப்பலகைகளிலும் இந்தக் குறை அடிக்கடி தென்படுகிறது. பதின்மூன்று அங்குலத்துக்கு மேல் போனால் அனேகமாக மறைந்துவிடும்.

ஆகவே கடையில் செய்ய வேண்டிய சோதனை எளிது. காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் தமிழைச் சேர்க்க அனுமதி இல்லாமல் போகலாம். பரவாயில்லை, திரையில் என்ன வருகிறது என்பது முக்கியமே இல்லை. எழுதி எழுதிப் பழகிய விரல் போகும் இடத்தில் விசை இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். "ஞாயிறு", "நியாயம்", "தமிழ்", "சிங்கப்பூர்" என்ற நான்கு சொற்களை விரலால் அடித்துப் பார்த்தால் ஓரத்து விசைகள் அத்தனையும் அதில் வந்துவிடும். கடைசிச் சொல்லைத் தமிழ்99-இல் அடிக்க ஒன்பது தட்டல்: ச, இ, ங, க, ப, ப, ஊ, ர, புள்ளி. 'ங'வுக்குப் பின் 'க' வந்தால் நடுவில் புள்ளி தானாக விழுகிறது. 'ப' இரண்டு முறை வந்தாலும் அப்படியே. முதல் தட்டலே ஓரத்து அடைப்புக்குறியில் விழுவதால் சிறு விரல் தடுமாறுகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை அடித்து, சிறு விரல் ஒருமுறைகூட எண்டர் விசையில் படவில்லை என்றால் அந்தக் கணினி தேறியது.

அஞ்சல் முறையில் எழுதுபவர்களுக்குப் பிரச்சினை வேறு இடத்தில். ரோமன் எழுத்தின் ஒலியை வைத்து அடிப்பதால் வலப்பக்க ஓரம் அவர்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. ஆனால் 'ண', 'ள', 'ற' மூன்றுக்கும் ஷிஃப்ட் வேண்டும். "வண்ணம்", "பள்ளி", "காற்று" என்று எழுதிப் பார்க்கும்போது ஷிஃப்ட் விசை அகலமாக, அழுத்தினால் திண்ணென்று கீழிறங்குவதாக இருக்க வேண்டும். இடப்பக்க ஷிஃப்டைப் பாதியாக வெட்டி, பக்கத்தில் இன்னொரு விசையைச் செருகியிருக்கும் பிரிட்டிஷ் அமைப்பு விசைப்பலகைகள் சில கடைகளில் வரும். அஞ்சல்காரர் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

விசை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதும் உண்டு. மிக மெல்லிய கணினிகளில் அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் போன்றவற்றில் ஒன்றரை. கேட்கும்போது அற்பமாகத் தோன்றும் வித்தியாசம், மூவாயிரம் சொல் எழுதிய பிறகு விரல் நுனியில் தெரியும். தட்டச்சுப் பொறியில் பழகிய மூத்த எழுத்தாளர்கள் ஆழமான விசையையே விரும்புவார்கள். கைபேசியில் எழுதி வளர்ந்த இளையர்களுக்கு மெல்லிய விசை தடையாக இருப்பதில்லை. இதில் சரி தப்பு என்று எதுவும் இல்லை.

ஒரு கிலோவா, ஒன்றரையா

1981-ல் வந்த ஆஸ்பர்ன் 1 என்ற 'தூக்கிச் செல்லும்' கணினியின் எடை பத்துக் கிலோவுக்கு மேல். இரண்டே ஆண்டுகளில் டிஆர்எஸ்-80 மாடல் 100 வந்தது. ஏறக்குறைய 1.4 கிலோ, கடையில் விற்கும் நான்கு பேட்டரிகள், சுமார் இருபது மணி நேரம் ஓட்டம், முழு அளவு விசைப்பலகை. திரையில் எட்டே வரிதான் தெரியும். இருந்தாலும் செய்தியாளர்கள் அதைத் தூக்கிக்கொண்டு உலகம் சுற்றினார்கள். எழுதுபவருக்கு என்ன வேண்டும் என்பதை 1983-லேயே ஒரு கருவி சரியாகப் புரிந்துகொண்டிருந்தது.

இன்று மேக்புக் ஏர் பதின்மூன்று அங்குலம் 1.24 கிலோ, பதினைந்து அங்குலம் 1.51 கிலோ. எல்ஜி கிராம் பதினான்கு அங்குலம் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் குறைவாக, 999 கிராமில் பெயர் வாங்கியது. எச்பி பெவிலியன் ஏரோ, ஏசுஸ் சென்புக் வரிசையில் சில, திங்க்பேட் எக்ஸ்1 கார்பனின் அண்மைப் பதிப்பு ஆகியவையும் ஒரு கிலோவை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கின்றன. விலை குறைந்த பதினைந்து அங்குலக் கணினிகள் 1.6 முதல் 1.8 கிலோ வரை போகும்.

சிங்கப்பூரில் இந்த அரைக்கிலோ வேறு ஊர்களைவிட அதிகம் கனக்கும். இங்கே கணினி காரின் பின்னிருக்கையில் போவதில்லை. வீவக அடுக்குமாடியிலிருந்து பேருந்து நிறுத்தம், அங்கிருந்து எம்ஆர்டி, ரயிலில் நின்றபடி பயணம், மறுபடி நடை. பையில் தண்ணீர்ப் புட்டி, குடை, ஒரு புத்தகம் ஆகியவையும் இருக்கும். ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெய்யும் ஊரில் குடையை ஒதுக்க முடியாது. எனவே எடையைக் கணக்கிடும்போது கணினியை மட்டும் பார்க்காமல் மின்னூட்டியையும் சேர்க்க வேண்டும். மூன்று சதுரக் கால் பிளக், தடித்த வயர், நடுவில் ஒரு செங்கல் என்று வரும் பழைய பாணி மின்னூட்டி முந்நூறு கிராமை எட்டிவிடும். யுஎஸ்பி-சி வழியே மின்னேற்றம் பெறும் கணினி என்றால் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய மின்னூட்டி ஒன்றே கைபேசிக்கும் கணினிக்கும் போதும். தனியாக வாங்கும் மின்னூட்டியில் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சாலையோரத்தில் மலிவாகக் கிடைப்பதை ஆயிரம் வெள்ளிக் கணினியோடு இணைப்பது வீண் வம்பு.

வாரம் ஒருமுறைதான் வெளியே எடுத்துப்போவேன் என்பவருக்கு 1.5 கிலோ பாதகமில்லை. தினமும் தூக்குபவருக்கு 1.3-ஐத் தாண்டக் கூடாது. எடைக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு விடை இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

திரை, மின்கலம், சேமிப்பு

தமிழ் எழுத்தின் மேலே புள்ளி, மேல்விலங்கு, சுழி. கீழே உகர வளைவு. 1366 புள்ளி அகலமுள்ள பழைய ரகத் திரையில் 'ர'வும் காலும் ஒன்றுபோலத் தெரியும், மெய்ப்புள்ளி மங்கிப்போகும், 'ண'வின் சுழிகள் ஒட்டிக்கொள்ளும். மெய்ப்புப் பார்க்கும்போது கண் ஏமாறுவது இதனால்தான். பதின்மூன்று, பதினான்கு அங்குலத்தில் 1920-க்கு 1200 என்பதைக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளலாம். அதில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 160 புள்ளி வரும், பழைய திரையில் 112தான். 16-க்கு 10 விகிதத் திரையில் உயரம் சற்றுக் கூடுதலாக இருப்பதால் பக்கத்தில் இரண்டு மூன்று வரி அதிகம் தெரியும். தமிழுக்கு வரி இடைவெளி அதிகம் வைக்க வேண்டியிருப்பதால் அது உண்மையிலேயே உதவுகிறது. கடையின் விளக்கொளியில் பளபளக்கும் திரை, கோப்பிக்கடையின் மேசையில் வைத்தால் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். வெளியில் எழுதுபவர் மங்கல் பூச்சுத் திரையையோ, குறைந்தது 400 நிட்ஸ் ஒளி தருவதையோ தேடுவது நல்லது.

மின்கலத்தின் அளவு வாட்-மணியில் சொல்லப்படும். எழுத்து வேலையில், ஒளியைப் பாதியில் வைத்தால், சிக்கனமான கணினி ஐந்தாறு வாட் இழுக்கும். 50 வாட்-மணி மின்கலம் இருந்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்கலாம். நிறுவனங்கள் சொல்லும் பதினெட்டு மணி நேரம் பெரும்பாலும் வீடியோ ஓட்டிப் பார்த்த கணக்கு. வீட்டில் நாள் முழுதும் மின்னிணைப்பிலேயே வைத்திருப்பவர்கள், 80 விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடலாம். லித்தியம் மின்கலத்துக்கு நிறைந்த மின்னேற்றமும் வெப்பமும் சேர்ந்தால் ஆயுள் குறையும். இந்த ஊரில் வெப்பத்துக்குப் பஞ்சமே இல்லை.

சேமிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். "சிங்கப்பூர்" என்ற சொல்லில் பதினொரு குறியீடு, 33 பைட். ஒரு லட்சம் சொல் நாவல் மூன்று மெகாபைட் அளவில் அடங்கிவிடும். 256 ஜிபி என்பது ஓர் எழுத்தாளருக்குப் பல பிறவிக்குப் போதும். புகைப்படம், காணொளி சேர்ப்பவர்களுக்குத்தான் அதற்கு மேல். நினைவகம் மட்டும் 16 ஜிபி இருப்பது நல்லது. எழுதும்போது திறந்துவைக்கும் அகராதிப் பக்கங்களும் பழைய நாளிதழ்ப் பக்கங்களும் நினைவகத்தைத்தான் தின்னும், பிற்பாடு கூட்டவும் பல மாதிரிகளில் வழியில்லை. ஆப்பிளே 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் தொடக்க அளவை எட்டிலிருந்து பதினாறாக உயர்த்தியது.

எங்கே வாங்குவது

சிம் லிம் ஸ்குவேரும் ஜாலான் புசார் பக்கம் உள்ள சிம் லிம் டவரும் வேறு வேறு. பின்னது வயர், மின்னணு உதிரிப் பாகங்களுக்குப் பேர்போனது. புதிதாகப் போகிறவர்கள் குழம்புவார்கள். ஸ்குவேரின் பெயருக்கு ஒருமுறை பெரிய களங்கம் வந்தது. 2014-ல் ஒரு கைபேசிக் கடை, வாடிக்கையாளருக்குத் தர வேண்டிய ஆயிரத்துச் சொச்சம் வெள்ளியைச் சில்லறைக் காசாகக் கொட்டிக் கொடுத்த சம்பவம் ஊரையே கொதிக்கவைத்தது. பலரை ஏமாற்றியதற்காக அதன் உரிமையாளருக்கு 2015-ல் 33 மாதச் சிறை விதிக்கப்பட்டது. ஒரு கடையின் செயலை வைத்து மொத்தக் கட்டடத்தையும் ஒதுக்குவது நேர்மையில்லை. இன்றும் பழுதுபார்ப்பு, மின்கலம் மாற்றுதல், நல்ல நிலையில் உள்ள பழைய திங்க்பேட் ஆகியவற்றுக்கு அங்கே போவது வீண்போகாது. விலையை எழுத்தில் வாங்கிய பின்பே அட்டையை நீட்ட வேண்டும் என்ற கவனம் மட்டும் போதும்.

சையத் ஆல்வி ரோட்டில் முஸ்தஃபா சென்டரின் மின்னணுப் பிரிவுக்கும் ஒரு நன்மை உண்டு. வேலை முடிந்து இரவு வெகுநேரம் கழித்துப் போனாலும் திறந்திருக்கும். மாதிரிகளின் எண்ணிக்கை பெரிய சங்கிலிக் கடைகளில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். தொட்டுப் பார்க்க சேலஞ்சர், கோர்ட்ஸ், ஹார்வி நார்மன் போன்ற கடைகளும் ஆர்ச்சர்ட் ரோடு, மரினா பே, ஜுவல் மூன்றிடத்து ஆப்பிள் கடைகளும் வசதி. அங்கே விரல் சோதனையை நிதானமாக முடித்துவிட்டு, விலையை நாலு இடத்தில் விசாரிக்கலாம். காமெக்ஸ், சிடெக்ஸ் போன்ற கணினிக் கண்காட்சிகளில் பை, மவுஸ் என்று இலவசப் பொருள்களைக் கூட்டித் தருவார்கள். அதில் மயங்கி, போன ஆண்டின் மாதிரியைப் புதிய விலைக்கு வாங்கிவிடாமல், மாதிரி எண்ணை வரிக்கு வரி ஒப்பிட வேண்டும்.

2024 ஜனவரியிலிருந்து பொருள் சேவை வரி 9 விழுக்காடு. 1,500 வெள்ளிக்கு அது 135 வெள்ளி. வரிக்குப் பதிவுசெய்த கடை வரி சேர்ந்த விலையையே காட்ட வேண்டும் என்பது விதி. கட்டும் நேரத்தில் "வரி தனி" என்றால் எழுந்து வந்துவிடலாம். வாங்கிய பொருள் பழுதாக இருந்தால் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன்' சட்டம் துணைக்கு இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், அது வாங்கும்போதே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. பழுதுபார்த்தோ மாற்றியோ தரச் சொல்லலாம். பேச்சு எடுபடாவிட்டால் பயனீட்டாளர் சங்கம், அதற்கும் பிறகு 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை விசாரிக்கும் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம். எல்லாவற்றுக்கும் ரசீது வேண்டும். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீது சில மாதத்தில் வெளுத்துவிடும், அன்றைக்கே படமெடுத்து வைத்துக்கொள்வது உத்தமம்.

பழைய கணினி வாங்குவதில் தவறே இல்லை. 2012-ல் இந்த ஊரில் தொடங்கிய கேரவ்செல் இணையச் சந்தையில் நல்ல கணினிகள் பாதி விலைக்கு வருகின்றன. மூன்று எச்சரிக்கை போதும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏறாத கணினியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடலாம். 2015-க்கும் 2019-க்கும் இடையில் வந்த பல மேக்புக்குகளில், தூசி புகுந்தால் விசை ஒட்டிக்கொள்ளும் குறை இருந்தது. ஆப்பிள் அதற்கென்று இலவசப் பழுதுபார்ப்புத் திட்டமே அறிவிக்க வேண்டிவந்தது. எழுதுபவர் அந்தப் பக்கம் போக வேண்டாம். மின்கலம் எத்தனை சுற்று ஓடியிருக்கிறது என்பதைக் கணினியிலேயே காட்டச் சொல்லிப் பார்ப்பது மூன்றாவது.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை விலையில் கணினியும் அகன்ற அலைவரிசையும் தரும் திட்டத்தைத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் நடத்துகிறது. தகுதி இருந்தும் கேட்காமல் இருப்பவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் கூடும் புலம்பெயர் ஊழியர்களிலும் கவிதை எழுதுபவர்கள் இருக்கிறார்கள். 2014-ல் தொடங்கிய புலம்பெயர் ஊழியர் கவிதைப் போட்டி அவர்களில் பலரை வெளியுலகுக்குக் காட்டியது. விடுதியில் கணினி வைக்க இடமில்லாதவருக்குக் கைபேசியே எழுதுகருவி. அதில் எழுதியதை இணையத்தில் சேமித்து, நூலகக் கணினியில் திறந்து திருத்துவது இன்று முழுக்கச் சாத்தியம். கணினி இல்லை என்பதற்காக எழுத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வீட்டிலும் வெளியிலும்

மெல்லிய கணினிக்கு வீட்டில் ஒரு குறை உண்டு. திரை தாழ்வாக இருப்பதால் கழுத்து குனிந்தே இருக்கும். சாப்பாட்டு மேசையில் தினமும் மூன்று மணி நேரம் எழுதுபவர், கணினியைக் கண் மட்டத்துக்கு உயர்த்த ஒரு தாங்கியும் தனி விசைப்பலகை ஒன்றும் வாங்கிக்கொள்ளலாம். ஐம்பது அறுபது வெள்ளிக்குள் முடிகிற காரியம். தனி விசைப்பலகையில் வலப்பக்க ஓரத்து விசைகள் முழு அளவில் இருக்கும் என்பது தமிழ்99-காரருக்குக் கூடுதல் நன்மை.

வெளியில் எழுத விக்டோரியா ஸ்திரீட்டில் 2005-ல் திறந்த தேசிய நூலகக் கட்டடத்துக்கு இணையான இடம் குறைவு. மேல் மாடிகளில் லீ கொங் சியான் மேற்கோள் நூலகம், மேசை, இணையம், கையெட்டும் தூரத்தில் தமிழ் நூல்கள். அந்த அமைதியில் விசிறி இரைந்தால் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார். மேக்புக் ஏர் போன்ற விசிறியில்லாத கணினிகளின் அருமை அங்கேதான் தெரியும். உணவங்காடி நிலையத்தில் மதிய நேரத்தில் கணினியை விரித்து மேசையைப் பிடித்துக்கொள்வது முறையாகாது. பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் கலைந்த பிறகு ஒரு கோப்பியோடு ஒரு மணி நேரம் எழுதலாம், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

குளிரூட்டிய நூலகத்தில் நான்கு மணி நேரம் கிடந்த கணினியை வெளியே கொண்டுவந்து உடனே பேருந்து நிறுத்தத்தில் திறக்கக் கூடாது. குளிர்ந்த உலோகத்தின் மேல் ஈரக் காற்று பட்டால் வேர்த்துவிடும். பைக்குள்ளேயே கால் மணி நேரம் விட்டால் சரியாகிவிடும். பைக்கு மழையுறை கட்டாயம் வேண்டும்.

சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ எடுத்துப்போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. விமானத்தில் 100 வாட்-மணி வரையிலான மின்கலத்தைத் தடையின்றிக் கையில் எடுத்துச் செல்லலாம். இந்த அத்தியாயத்தில் சொன்ன மெல்லிய கணினிகள் அந்த வரம்புக்கு வெகு கீழே. பவர் பேங்க்கைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவும் தடை. ஆகவே ஏறும் முன்பே கணினியில் மின்னேற்றி வைத்திருக்க வேண்டும். இந்தியாவின் வட்டத் துளைச் சுவர்ச் செருகியில் சிங்கப்பூரின் சதுரக் கால் நுழையாது. மாற்றுச் செருகி ஒன்று பையில் நிரந்தரமாக இருக்கட்டும். சென்னையிலிருந்து வந்து இங்கே கணினி வாங்கிப்போகும் உறவினர், தகுதியுள்ள கடையில் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கினால் சாங்கி விமான நிலையத்தில் பொருள் சேவை வரியைத் திரும்பக் கோரலாம். வாங்கும்போதே கடப்பிதழைக் காட்ட வேண்டும். அந்தக் கணினியின் உத்தரவாதம் இந்தியாவிலும் செல்லுமா என்பதையும் அப்போதே கேட்டு ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.